ரீப்பர்: வேலை போன வருஷத்தில் கைக்கு வந்த ஒலிப்பதிவு மென்பொருள்

வீட்டிலேயே வாத்தியத்தைப் பதிவு செய்ய எந்த மென்பொருள் நல்லது என்று இந்த மாதம் மட்டும் மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். மூவருக்கும் ஒரே பதில்தான் சொன்னேன்: ரீப்பர். ஏன் என்று ஒருவருக்கும் முழுதாகச் சொல்லவில்லை. சொல்ல ஆரம்பித்தால் 2009-க்குப் போக வேண்டும், வங்கிகளையும் கார் கம்பெனிகளையும் அரசாங்கம் கைதூக்கிவிட்ட கதைக்குள் நுழைய வேண்டும். அதனால் உட்கார்ந்து எழுதிவிடுகிறேன்.

நான் தொழில்முறைக் கலைஞன் இல்லை. அமெரிக்காவின் மிஷிகன் மாநிலத்தில், கார் கம்பெனிகளின் ஊரான டெட்ராய்ட்டுக்கு வடக்கே, ட்ராய் நகரில் இருக்கிறேன். கார் இருக்கைக்கு உள்ளே இருக்கும் இரும்புச் சட்டத்தைக் கணினியில் வரைவது பிழைப்பு. ராத்திரி பாத்திரம் கழுவி முடித்த பிறகு ஒரு மணி நேரம் புல்லாங்குழல். சின்ன வயதில் ஏழு வருஷம் முறையாகக் கற்றுக்கொண்டேன். நடுவில் படிப்பு, வேலை, விசா என்று விட்டுப்போய், முப்பத்தைந்து தாண்டித்தான் மறுபடியும் குழலை எடுத்தேன். க்ளீவ்லாந்தில் 1978 முதல் நடக்கும் தியாகராஜ ஆராதனைக்கு ஈஸ்டர் சமயத்தில் மூன்று மணி நேரம் கார் ஓட்டிப் போய், கூட்டத்தோடு கூட்டமாக உட்கார்ந்து வாசிப்பேன். எனக்குப் பெரிய மேடை என்றால் அதுதான்.

2008 செப்டம்பர் 15 அன்று லேமன் பிரதர்ஸ் என்ற முதலீட்டு வங்கி திவால் மனு கொடுத்தது. மறுநாளே ஏ.ஐ.ஜி. காப்பீட்டு நிறுவனத்துக்கு 8,500 கோடி டாலர் கடன். அக்டோபர் 3-ம் தேதி, 70,000 கோடி டாலர் மீட்புச் சட்டத்தில் ஜனாதிபதி புஷ் கையெழுத்துப் போட்டார். எங்கள் ஊரில் சரியா தப்பா என்று யாரும் விவாதம் நடத்திக்கொண்டிருக்கவில்லை. அடுத்தது கார் கம்பெனிகள்தானே என்ற ஒரே கேள்விதான் கோயில் வாசலிலும், மளிகைக் கடையிலும், பிறந்தநாள் விருந்திலும். டிசம்பர் 11 இரவு கார் கம்பெனிகளுக்கான மசோதா செனட்டில் விழுந்தது. அன்றைக்கு நானும் மனைவியும் தூங்கவில்லை. 19-ம் தேதி, அந்த 70,000 கோடியிலிருந்தே ஜெனரல் மோட்டார்ஸுக்கும் க்ரைஸ்லருக்கும் சேர்த்து 1,740 கோடி டாலர் கடன் என்று புஷ் அறிவித்தபோது என் மனைவி பூஜை அறையில் போய் விளக்கேற்றினாள். மார்ச் 19-ல் உதிரிபாகம் செய்து கொடுக்கும் கம்பெனிகளுக்கென்று தனியாக 500 கோடி டாலர் வரை என்று இன்னொரு அறிவிப்பு வந்தது. எங்களைப் போன்றவர்களுக்கான அறிவிப்பு அது. அதற்கு ஆறு நாள் முன்னால், ஒரு வெள்ளிக்கிழமை மதியம், எனக்கு வேலை போய்விட்டது.

அட்டைப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தேன். அலுவலக லேப்டாப்பை வாங்கிக்கொண்டார்கள். அதில்தான் அதுவரை என் பதிவுகளைச் செய்துவந்தேன். நான் வைத்திருந்த பழைய மென்பொருள் ஒரே கணினிக்கு மட்டும் உரிமம் உள்ளது. வேறு கணினியில் போட வேண்டுமென்றால் அந்தக் கம்பெனிக்கு மறுபடியும் எழுதிக் கேட்க வேண்டும். கேட்டேன், பதில் வரவே இல்லை. வீட்டில் இருந்தது மகளின் பழைய மேசைக் கணினி.

மிஷிகனில் வேலையில்லாக் காலத்துக்கு அதிகபட்சம் வாரம் 362 டாலர் கொடுப்பார்கள். ஒபாமா பிப்ரவரி 17-ல் கையெழுத்திட்ட ஊக்கச் சட்டம் அதோடு 25 டாலர் சேர்த்தது. ஆக 387. வேலை போன பிறகும் பழைய மருத்துவக் காப்பீட்டைத் தொடர்ந்தால் சந்தாவில் 65 சதவீதம் அரசாங்கம் கட்டும் என்றும் அந்தச் சட்டத்தில் இருந்தது. நான் இரண்டையும் வாங்கினேன். வாங்கினேன் என்பதை எழுதிவைக்க வேண்டும் என்று நினைக்கிறேன். மீட்பு நிதி பற்றிப் பேசுகிற பலர் தங்கள் வீட்டுக்கு வந்ததை அந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை.

வேலை இல்லையென்றால் நாள் முழுக்க வாசிக்கலாமே என்று தோன்றும். எனக்கு அப்படி நடக்கவில்லை. மூச்சு நிலையாக நிற்கவில்லை. அடிப்படை ஸ்வரமான ஷட்ஜத்தில் நீளமாக ஒரு கார்வை கொடுத்தால் பாதியிலேயே நடுங்கியது. வீட்டுக்கடன் நினைவுக்கு வரும், குழலைக் கீழே வைத்துவிடுவேன். மூன்று வாரம் இப்படிப் போன பிறகு மனைவிதான், "வாசிக்க முடியலைன்னா பரவாயில்லை, பழைய கேசட்டெல்லாம் கிடக்குதே, அதையாவது கம்ப்யூட்டரில் ஏத்துங்க" என்றாள். என் குருநாதர் எண்பதுகளில் பாடம் சொல்லிக் கொடுத்த கேசட்டுகள். அதற்கு ஏதாவது மென்பொருள் வேண்டுமே என்று தேடியபோதுதான் ரீப்பர் கிடைத்தது.

இறக்கியபோது சில எம்.பி.தான் இருந்தது. பழைய கணினியில் முக்காமல் முனகாமல் திறந்தது. திறந்தவுடன் ஒரு சின்னப் பெட்டி வந்தது: இது இலவச மென்பொருள் இல்லை, சோதித்துப் பாருங்கள், தொடர்ந்து பயன்படுத்துவதாக இருந்தால் உரிமம் வாங்குங்கள் என்ற பொருளில் நாலு வரி. கொஞ்சம் பொறுத்தால் மூடிக்கொள்ளலாம். கடன் அட்டை எண் கேட்கவில்லை. எந்த வசதியையும் பூட்டி வைக்கவில்லை. எத்தனை ட்ராக் (ஒவ்வொரு ஒலியையும் தனியாக வைக்கும் வரிசை) வேண்டுமானாலும் போடலாம், சேமிக்கலாம், வெளியே எடுக்கலாம். இப்போது சோதனைக் காலம் 60 நாள். அது முடிந்தாலும் மென்பொருள் நின்றுவிடாது, திறக்கும்போதெல்லாம் அந்தப் பெட்டி மட்டும் வரும். மற்றது நம் மனசாட்சி.

அந்த வருஷம் நான் பணம் கட்டவில்லை. கட்டுகிற நிலையில் இல்லை. ஒவ்வொரு ராத்திரியும் அந்தப் பெட்டியைப் படித்துவிட்டுத்தான் வேலையை ஆரம்பித்தேன். படிக்காமல் மூடியது கிடையாது. வேலை கிடைத்ததும் முதல் செலவு இதுதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன்.

இதைச் செய்பவர்கள் காக்கோஸ் என்ற சின்ன நிறுவனம். ஜஸ்டின் ஃப்ராங்கல் 2004-ல் ஆரம்பித்தது. பெயர் தெரியாவிட்டாலும் அவருடைய முந்தைய வேலை உங்களுக்குத் தெரிந்திருக்கும்: கணினியில் பாட்டுக் கேட்கும் விண்ஆம்ப். 1997-ல் அதை எழுதி, 1999-ல் தன் கம்பெனியை ஏ.ஓ.எல். என்ற இணைய நிறுவனத்துக்கு விற்று, பிறகு அங்கிருந்து விலகி வந்தவர். ரீப்பரின் 1.0 பதிப்பு 2006-ல் வந்தது. தனிப்பட்ட உபயோகத்துக்கும், வருஷத்துக்கு 20,000 டாலருக்கு மேல் வருமானம் இல்லாத தொழிலுக்கும் 60 டாலர். மற்றவர்களுக்கு 225 டாலர். இரண்டு விலைக்கும் ஒரே மென்பொருள்தான். உங்கள் வருமானம் என்ன என்று யாரும் சான்றிதழ் கேட்பதில்லை, நீங்கள் சொல்வதை நம்புகிறார்கள்.

சரி, வாசிக்கிற விஷயத்துக்கு வருகிறேன்.

கேசட்டை ஏற்றி முடித்த பிறகு, குருநாதர் வாசித்ததை வேகம் குறைத்துக் கேட்கலாம் என்று கண்டுபிடித்தேன். கீழே வேகத்துக்கு ஒரு பட்டி இருக்கிறது. அதில் வலது பொத்தானை அழுத்தி, சுருதி மாறாமல் இருக்கட்டும் என்ற தேர்வைப் போட்டுவிட வேண்டும். 0.7-க்கு இழுத்தேன். ஐந்து கட்டை சுருதி அப்படியே நின்றது, வாசிப்பு மட்டும் மெதுவானது. இத்தனை வருஷமாக ஒரே அசைவு என்று நினைத்திருந்த ஓர் இடத்தில் இரண்டு அசைவு இருந்தது. குருநாதர் தவறாமல் வாசித்திருக்கிறார், நான்தான் பாதியை விட்டுவிட்டு வாசித்திருக்கிறேன். அன்றைக்குக் குழலை எடுத்தவன் இரண்டு மணி நேரம் வைக்கவில்லை. மூச்சு எப்போது சரியானது என்று கவனிக்கக்கூட இல்லை.

அடுத்து என் வாசிப்பையே பதிவு செய்யலாம் என்று மைக்கை வைத்தேன். எங்கள் வீட்டில் அமைதியான இடம் பேஸ்மென்ட்தான். ஆனால் வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸும் அங்கேதான் இருக்கிறது. மிஷிகனில் ஏப்ரலிலும் குளிர். ஃபர்னஸை நிறுத்தினால் குழலின் மூங்கில் குளிர்ந்து சுருதி இறங்கும், விரலும் விறைக்கும். ஓட விட்டால் பதிவு முழுக்க "ம்ம்ம்" என்ற இரைச்சல். ரீப்பரோடு கூடவே வரும் ரியாஃபிர் என்ற ப்ளக்-இன், அதாவது ஒலியை மாற்றும் துணைக் கருவி, இதற்கு வழி சொன்னது. இதை விவரமாகச் சொல்கிறேன், பலருக்கும் உதவும்.

பதிவு பொத்தானை அழுத்தியதும் குழலை வாயில் வைக்காமல், மூச்சுகூடப் பலமாக விடாமல், ஐந்து விநாடி சும்மா இருங்கள். அப்புறம் வாசியுங்கள். முடிந்தபின் அந்த ட்ராக்கில் ரியாஃபிரைப் போட்டு, அதைக் கழித்தல் நிலைக்கு மாற்றி, இரைச்சலின் வடிவத்தைத் தானாக எடுத்துக்கொள் என்ற கட்டத்தை டிக் செய்யுங்கள். இப்போது முதல் ஐந்து விநாடியை மட்டும் ஓட விடுங்கள். திரையில் சிவப்புக் கோடு ஒன்று மேடும் பள்ளமுமாக எழும்பும். அதுதான் ஃபர்னஸ். குழல் சத்தம் ஆரம்பிக்கும் முன் அந்த டிக்கை எடுத்துவிட வேண்டும். மறந்தால் குழலையும் இரைச்சல் என்று நினைத்துக் கழித்துவிடும். எடுத்துவிட்டு முழுப் பதிவையும் கேளுங்கள். ஃபர்னஸ் போயிருக்கும். ஆனால் அளவோடு செய்ய வேண்டும். நான் முதல் தடவை ஆசைப்பட்டு அதிகமாகக் கழித்ததில், குழலில் மூச்சு உரசுகிற அந்தச் சின்ன "ஹ்ஹ்" சத்தமும் சேர்ந்து போய், தண்ணீருக்குள் இருந்து வாசிப்பது போல ஆகிவிட்டது. மூச்சு கேட்காத புல்லாங்குழல் எனக்குப் பிடிக்காது. கொஞ்சம் ஃபர்னஸ் இருந்தாலும் இருக்கட்டும் என்று பாதியில் நிறுத்தினேன்.

கொலம்பஸில் மிருதங்கம் வாசிக்கும் நண்பர் ஒருவர் இருக்கிறார். என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர், அண்ணா என்றுதான் கூப்பிடுவேன். அவருக்கும் ரீப்பரை இறக்கிக் கொடுத்தேன். அவருக்கு அனுப்பும் பதிவில், சீராகத் தட்டிக்கொண்டே இருக்கும் மெட்ரோனோம் போட்டுப் பார்த்தேன், ஒத்துவரவில்லை. நம் காலப்பிரமாணம் கடிகாரம் போல நிற்பதில்லை, மூச்சோடு ஒரு நூல் கூடும், குறையும். அதனால் முதலில் தொடையில் தாளம் போட்டு, அந்தத் தட்டலையே ஒரு ட்ராக்காகப் பதிவு செய்தேன். அதைக் கேட்டுக்கொண்டே குழலை இன்னொரு ட்ராக்கில். இரண்டையும் அவருக்கு அனுப்புவேன். அவர் மிருதங்கத்தைச் சேர்த்துத் திருப்பி அனுப்புவார், நான் தொடைத் தட்டலை மட்டும் நிறுத்திவிட்டுக் கேட்பேன். யாரோ எதிரே உட்கார்ந்து வாசிக்கிற மாதிரியே இருக்கும். அந்தக் கோடை முழுக்க இப்படித்தான் போனது. ஏப்ரல் 30-ல் க்ரைஸ்லர் திவால், ஜூன் 1-ல் ஜெனரல் மோட்டார்ஸ் திவால், நடுவில் எங்களுக்குக் கல்யாணி ராகத்தில் ஒன்றும் சண்முகப்ரியா ராகத்தில் ஒன்றும்.

அண்ணாவுக்கு, அரசாங்கம் இப்படிப் பணம் கொடுத்துக் கைதூக்கிவிடுவதைச் சொல்லும் பெயில்அவுட் என்ற சொல்லே பிடிக்காது. ஒருநாள் ஃபோனில் கோபமாகச் சொன்னார்: "தோத்துப்போனவன் கடையை மூடணும் தம்பி. கச்சேரியில நீ தாளம் தப்பினா யாரு வந்து நிமிர்த்தி விடுறா?"

"நீங்கதான் அண்ணா" என்றேன்.

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. உண்மை அது. அதற்கு முந்தைய வருஷம் ஒரு கோயில் மண்டபத்தில் கற்பனை ஸ்வரம் வாசிக்கும்போது நான் எடுப்பை, அதாவது தாளத்தில் பாட்டு தொடங்கும் இடத்தை, தவறவிட்டேன். அவர் சட்டென்று எல்லா வேலைப்பாட்டையும் விட்டுவிட்டு, வெறும் சர்வலகுவாக, ஒரு குழந்தைக்குத் தாளம் காட்டுவது போல வாசித்தார். இரண்டு ஆவர்த்தனத்தில் நான் இடத்தைப் பிடித்துவிட்டேன். சபையில் ஒருவருக்கும் தெரியாது. கச்சேரி முடிந்து அவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் அடுத்த ஒத்திகையில் அதே ஸ்வரத்தைப் பத்து தடவை வாசிக்க வைத்தார்.

அதனால் கைதூக்கிவிடுவது தப்பு என்று என்னால் சொல்ல முடியாது. எங்கள் ஊரில் அந்தக் கடன் கொடுக்கப்படாமல் இருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை நான் பக்கத்திலிருந்து பார்த்தவன். ஜெனரல் மோட்டார்ஸில் அரசாங்கம் 4,950 கோடி டாலர் போட்டது. 2013 டிசம்பரில் கடைசிப் பங்கை விற்றபோது சுமார் 3,900 கோடிதான் திரும்பி வந்திருந்தது. நஷ்டம் என்பார்கள். என்னை 2010 ஜனவரியில் பழைய கம்பெனியே திரும்பக் கூப்பிட்டது, அந்தத் தொழிற்சாலைகள் மறுபடியும் ஓட ஆரம்பித்ததால்தான். என்னோடு அன்றைக்குத் திரும்பிய பன்னிரண்டு பேரின் முகம் எனக்கு ஞாபகம் இருக்கிறது. என் கணக்கில் அது நஷ்டம் இல்லை.

எனக்கு வலித்தது வேறு. 2009 பிப்ரவரி 6-ம் தேதி அதே ஊக்கச் சட்டத்துக்கு செனட்டில் ஒரு திருத்தம் வந்தது. இந்தப் பணத்தில் ஒரு காசும் எதெதற்குப் போகக்கூடாது என்று ஒரு பட்டியல்: சூதாட்ட விடுதி, கோல்ஃப் மைதானம், நீச்சல் குளம், அதே வரியில் அருங்காட்சியகம், நாடக அரங்கம், கலை மையம். 73-க்கு 24 என்ற வாக்கில் நிறைவேறியது. இரண்டு கட்சிக்காரர்களும் சேர்ந்து போட்ட வாக்கு. இறுதிச் சட்டத்தில் அருங்காட்சியகமும் அரங்கமும் கலை மையமும் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டன. தேசியக் கலை நிதியத்துக்கு 5 கோடி டாலர் தப்பித்தது. 78,700 கோடி டாலர் என்று மதிப்பிடப்பட்ட சட்டத்தில் 5 கோடி. அடுத்த மாதமே ஏ.ஐ.ஜி. தன் ஊழியர்களுக்கு 16.5 கோடி டாலர் போனஸ் கொடுத்த செய்தி வந்தது. வேலை போய் ஒரு வாரம்கூட ஆகாத நேரத்தில் சமையல் மேசையில் அந்தச் செய்தியைப் படித்தேன். ஒரு தேசத்தின் இசைக்கும் நாடகத்துக்கும் ஓவியத்துக்கும் சேர்த்து ஒதுக்கியதைப் போல மூன்று மடங்குக்கு மேல்.

எனக்கு அந்த 5 கோடியில் ஒரு காசும் வேண்டாம், வந்திருக்கவும் வராது. நான் பிழைப்புக்கு வேறு வேலை பார்ப்பவன். ஆனால் இசை செய்கிறவர் வேலையில் இருப்பவர்தான், அவருக்கும் வாடகை இருக்கிறது என்பது அந்த 73 பேருக்கும் தோன்றாமல் போனதை என்னால் இன்றைக்கும் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. இதே நாடு ஒரு காலத்தில் வேறு மாதிரி நினைத்திருக்கிறது. 1935-ல், பெருமந்தத்தின் நடுவில், ரூஸ்வெல்ட் அரசாங்கம் கூட்டாட்சி இசைத் திட்டம் என்று ஒன்றை ஆரம்பித்து, வேலையில்லாத வாத்தியக்காரர்களைச் சம்பளத்துக்கு எடுத்தது. அவர்கள் கச்சேரி செய்தார்கள், அதோடு காசில்லாத குடும்பங்களுக்கு இலவசமாகப் பாடமும் சொல்லிக் கொடுத்தார்கள். அந்த வகுப்புகளில் உட்கார்ந்தவர்கள் என்னைப் போன்றவர்கள்தான், பகலில் வேறு வேலை செய்து சாயங்காலம் வாசிக்க ஆசைப்பட்டவர்கள். நூலகத்தில் இதைப் பற்றிப் படித்த அன்று அண்ணாவுக்கு ஃபோன் செய்து அரை மணி நேரம் பேசினேன். "இது பெயில்அவுட் இல்ல தம்பி, இது வேலை" என்றார். அதில் நாங்கள் இருவரும் ஒத்துப்போனோம்.

மென்பொருளுக்குத் திரும்புகிறேன். கர்நாடக இசைக்காரர்களுக்கு முக்கியமான மூன்று விஷயம் உண்டு. திறந்தவுடன் ஆல்ட்-எஸ் அழுத்தி, திரையிலுள்ள காலக் கோடுகளில் போய் ஒட்டிக்கொள்ளும் வசதியை நிறுத்திவிடுங்கள். இல்லாவிட்டால் வெட்டுகிற இடமெல்லாம் அதன் கணக்குக்கு நகரும், உங்கள் எடுப்புக்கு நகராது. இரண்டாவது, ஒரு சங்கதியை, அதாவது பாட்டின் ஒரு வரியை வாசிக்கும் ஒரு விதத்தை, சுழற்சியில் போட்டுத் திரும்பத் திரும்பப் பதிவு செய்தால் ஒவ்வொரு தடவை வாசித்ததும் தனி டேக்காக அடுக்கப்படும். டி பொத்தானை அழுத்தி ஒவ்வொன்றாகக் கேட்கலாம். எஸ் அழுத்தினால் கர்சர் நிற்கிற இடத்தில் வெட்டும். முதல் பாதி மூன்றாவது டேக்கிலிருந்தும் அடுத்த பாதி ஐந்தாவதிலிருந்தும் எடுத்துக்கொள்ளலாம். நான் ஆலாபனையில் இதைச் செய்வதில்லை. ஆலாபனை ஒரே மூச்சாக வர வேண்டும், தப்பினால் முதலிலிருந்து.

மூன்றாவது ரியாடியூன், அதாவது சுருதி திருத்தும் ப்ளக்-இன். தானாகத் திருத்தும் நிலையில் நம் இசைக்கு அதைத் தொடவே தொடாதீர்கள். நான் தோடி ராகத்தில் போட்டுப் பார்த்தேன். தோடியின் காந்தாரம் ஓரிடத்தில் நிற்கிற ஸ்வரமா என்ன? ரிஷபத்துக்கும் மத்யமத்துக்கும் நடுவே அசைவதுதான் அதன் உயிர். ரியாடியூன் அந்த அசைவைப் பிழை என்று எடுத்துக்கொண்டு, படிக்கட்டு போல ஒவ்வொரு ஸ்வரமாக நிறுத்தி வைத்தது. ராகம் செத்துப்போய்விட்டது. இது ரீப்பரின் குற்றம் இல்லை. எந்த மென்பொருளில் இப்படித் திருத்தினாலும் இதேதான் நடக்கும்.

குறைகளும் உண்டு. இதோடு வாத்திய ஒலிகள் எதுவும் வராது. தம்பூராவோ தபலாவோ பியானோவோ உள்ளே இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். சுருதிக்கு நான் சுருதிப் பெட்டியைப் பத்து நிமிஷம் பதிவு செய்து வைத்து, அதையே எல்லாவற்றிலும் நீட்டிக்கொள்கிறேன். மெனுக்கள் நீளம், அமைப்புப் பக்கங்களோ காடு. வழிகாட்டி நூல் 400 பக்கத்துக்கு மேல். முதல் வாரம் பொறுமை வேண்டும். ஃபோனில் ஓடாது. தாளத்தைத் துண்டு துண்டாக எடுத்து அடுக்கி அரை மணியில் ஒரு பாட்டு முடிக்க வேண்டும் என்பவர்களுக்கு வேறு நல்ல மென்பொருள்கள் இருக்கின்றன. வாத்தியம் கையில் இருக்கிறவர்களுக்கு இதைவிட நல்லதை நான் பார்க்கவில்லை.

2020-ல் எல்லாம் மறுபடியும் வந்தது. க்ளீவ்லாந்துக்குப் போக முடியவில்லை. அரசாங்கம் ஆளுக்கு 1,200 டாலர் கொடுத்தது. வருஷக் கடைசியில் மூடிக்கிடந்த கலை அரங்குகளுக்கென்றே ஒரு நிதி சட்டமானது, சில மாதத்தில் அது மொத்தம் 1,600 கோடி டாலருக்கு மேல் வளர்ந்தது. சந்தோஷமாக இருந்தது எனக்கு. நாங்கள் வாசிப்பது கோயில் மண்டபத்திலும் பள்ளி அரங்கத்திலும்தான், அந்த நிதி எங்களுக்கானது அல்ல. ஆனாலும் பதினோரு வருஷத்தில், சூதாட்ட விடுதியோடு ஒரே வரியில் வைத்திருந்த அரங்கத்தைக் காப்பாற்ற வேண்டும் என்று அதே காங்கிரஸ் சட்டம் போட்டதே. இந்த முறை வேலை போகவில்லை, வீட்டிலிருந்தே படம் வரைந்தேன். அண்ணாவுக்கு அப்போது அறுபத்தெட்டு வயது, வெளியே போகப் பயம். மறுபடியும் தொடைத் தட்டலைப் பதிவு செய்து அனுப்ப ஆரம்பித்தேன். இந்த முறை நேப்பர்வில்லில் இருக்கும் ஒரு வயலின்காரப் பெண்ணும் சேர்ந்துகொண்டாள். கல்லூரியில் படிக்கிறவள், கையில் காசில்லை. ரீப்பரை இறக்கிக்கொள், அந்தப் பெட்டியை மட்டும் ஒழுங்காகப் படி, வேலை கிடைத்ததும் கட்டு என்றேன். போன கோடையில் வேலை கிடைத்தது. உரிமச் சீட்டைப் படம் பிடித்து எனக்கு அனுப்பியிருந்தாள்.

நான் முதல் உரிமத்தை வாங்கியது 2010 ஜனவரியில், முதல் சம்பளம் வந்த அன்று சாயங்காலம். ஓர் உரிமம் இரண்டு பெரிய பதிப்புகளுக்குச் செல்லும். அதனால் மூன்றிலிருந்து நான்குவரை ஒன்று, ஐந்திலிருந்து ஆறுவரை ஒன்று, இப்போது ஏழுக்கு ஒன்று. இத்தனை வருஷத்தில் மொத்தமே மூன்று தடவைதான் பணம் கட்டியிருக்கிறேன். ரீப்பர் சேமிக்கும் கோப்பு வெறும் எழுத்துக் கோப்புதான். 2009 ஏப்ரலில் பேஸ்மென்ட்டில் செய்த முதல் பதிவை நேற்று ஏழாம் பதிப்பில் திறந்தேன். ஒரு பிழைச்செய்தியும் இல்லாமல் திறந்தது. ட்ராக்குகள் போட்ட இடத்தில் போட்டபடி, ரியாஃபிரின் சிவப்புக் கோடு உட்பட. ரியாஃபிரை அணைத்துவிட்டுக் கேட்டேன். ஐந்து விநாடி ஃபர்னஸ், அப்புறம் நடுங்கிக்கொண்டே வருகிற ஒரு ஷட்ஜம்.